படித்தது கைக்கு வர: பன்னிரண்டு வாரக் கற்றல் சுற்றை நடத்தும் முறை

வயது வந்தபின் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். பாடம் புரிந்துவிட்டது, வீடியோ பார்த்து முடித்தாயிற்று, புத்தகத்தில் பாதிக்கு மேல் அடிக்கோடும் போட்டாயிற்று; ஆனால் அதை வைத்து முதல் காரியத்தைச் செய்யும் நாள் மட்டும் வருவதில்லை. படிக்க நேரம் ஒதுக்குகிறோம், செய்து பார்க்க ஒதுக்குவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எல்லோரும் சொல்வோம். அதை ஏட்டிலிருந்து இறக்கும் வழி ஒன்று உண்டு. அதற்குப் பெரிய மனவுறுதி தேவையில்லை, சரியான ஏற்பாடு போதும்.

இந்த முறையின் அடிப்படை அலகு 12 வாரம். ஒரு சுற்றில் ஒரே ஒரு திறன். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். வாரக் கடைசியில் கணக்குப் பார்க்க அரை மணி நேரம். மொத்தம் 66 மணி நேரம். ஆண்டுக்கு நான்கு சுற்று போட்டாலும், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு வாரம் ஓய்வு மிஞ்சும். 66 மணி நேரத்தில் யாரும் விற்பன்னர் ஆகிவிட முடியாது. ஆனால் ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து, இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒன்றைச் செய்து கொடுக்கும் நிலைக்கு வந்துவிடலாம். பத்தாண்டில் இப்படி நாற்பது சுற்று வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேண்டிய பொருள்கள் சில: ஒரு நோட்டு, உள்ளங்கை அளவு அட்டைகள் 300, நான்கு உறைகள், மணியடிக்கும் டைமர். அட்டைகளுக்குப் பதில் நல்ல செயலிகள் இருக்கின்றன. இருந்தாலும் முதல் சுற்றைக் காகிதத்தில் நடத்துங்கள். செயலியை நமக்கேற்ப அமைப்பதே ஒரு வாரத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, கையில் எடுத்த போன் வேறெங்காவது இழுத்துக்கொண்டு போகும்.

எதைக் கற்பது என்று முடிவு செய்தல்

"கணினி கற்க வேண்டும்", "நாலு பேர் முன்னால் நன்றாகப் பேச வேண்டும்" என்பவை ஆசைகள். இவற்றை வைத்து நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாது. ஆசையை ஒரு வாக்கியமாக மாற்றி எழுதுங்கள். அதில் ஒரு நாள், ஓர் எண்ணிக்கை, அதைப் பார்க்கப்போகும் ஓர் ஆள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். "பன்னிரண்டாம் வாரக் கடைசியில் 20 பேர் முன்னால் குறிப்பைப் பார்க்காமல் 7 நிமிடம் பேசுவேன்." "கடையின் ஒரு மாத வரவுசெலவை எக்செல்லில் நானே பதிந்து, எந்தச் சரக்கில் லாபம் என்று காட்டும் ஒரு பக்க அறிக்கையை எடுத்து என் கூட்டாளியிடம் கொடுப்பேன்." இப்படி எழுதிவிட்டால், முடிந்ததா இல்லையா என்பதில் பிறகு வாதத்துக்கே இடமில்லை.

எழுதியபின் ஒரு சோதனை. இதன் கரடுமுரடான முதல் வடிவத்தை இரண்டாம் வாரத்துக்குள் செய்ய முடியுமா? நாற்காலி செய்யக் கற்பவர் இரண்டாம் வாரத்தில் கோணலாகவாவது ஒரு முக்காலி செய்துவிடலாம். பேச்சுக்கு, இரண்டு நிமிடப் பேச்சைப் போனில் பதிவு செய்துவிடலாம். அப்படி எதுவும் தோன்றவில்லை என்றால் எடுத்துக்கொண்ட இலக்கு பெரிது. அகலக் கால் வைப்பதுதான் முதல் சுற்றைக் கெடுக்கும் காரணங்களில் முதலாவது. பாதியாக வெட்டுங்கள், தேவைப்பட்டால் அதையும் பாதியாக்குங்கள்.

இரண்டாவது காரணம், ஒரே சமயத்தில் இரண்டு திறன்களை எடுத்துக்கொள்வது. இடையில் புதிதாக ஓர் ஆர்வம் வந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த சுற்றுக்கு அங்கிருந்துதான் எடுக்கப்போகிறீர்கள். ஆறு வாரம் கழித்துப் பார்க்கும்போது அந்தப் பட்டியலில் பாதி தானாகவே மங்கிப்போயிருக்கும். மிச்சமிருப்பதுதான் உண்மையான ஆர்வம்.

அடுத்து, இலக்கைப் பாகம் பாகமாகப் பிரியுங்கள். ஏழு நிமிடப் பேச்சு என்றால்: சொல்லவந்ததை ஒரே வரியில் சொல்லத் தெரிவது, தொடக்கம், எடுத்துக்காட்டு சொல்லும் விதம், குரலும் இடைநிறுத்தமும், நிற்பதும் பார்ப்பதும், குறிப்பில்லாமல் வரிசை மறக்காதிருப்பது, கேள்விக்குப் பதில். இவற்றில் எது இல்லாவிட்டால் மொத்தமும் சரிந்துவிடும் என்று பார்த்து இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே அவை ஒரு வரிக் கருத்தும், குறிப்பில்லாமல் வரிசையைப் பிடிப்பதும். முதல் நான்கு வாரம் இந்த இரண்டுக்கு மட்டும். கை அசைவு, உடை, நகைச்சுவை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாடப்பொருள் இரண்டு போதும்: முழுதாகப் பின்பற்ற ஒன்று, சந்தேகம் வந்தால் புரட்ட ஒன்று. முதலாவதில் பாதி முடிவதற்குள் மூன்றாவதைத் தேடக் கூடாது. "இதைவிட நல்ல புத்தகம் இருக்குமோ" என்ற தேடல், படிப்பது போலவே மனதுக்கு நிறைவு தரும். அதனால்தான் அது ஆபத்தானது.

ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்க வேண்டும்

சனிக்கிழமை ஐந்து மணி நேரம் மொத்தமாக உட்கார்ந்துவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. ஆலன் பேட்லி, லாங்மேன் என்ற இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பிரிட்டன் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி கொடுக்கையில், சிலருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், சிலருக்கு இரண்டு மணி நேரம், சிலருக்கு நான்கு மணி நேரம் என்று பிரித்துப் பார்த்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களுக்குத்தான் மிகக் குறைந்த மொத்த மணி நேரத்தில் விரல் பழகியது. அந்தக் குழுவினர்தான் தங்கள் பயிற்சி முறையில் குறைந்த திருப்தி அடைந்தவர்களும்கூட, ஏனென்றால் நாள் கணக்கில் பார்த்தால் மெதுவாகப் போவதாகத் தோன்றியது. இதை நினைவில் வையுங்கள். மூன்றாம் வாரத்தில் உங்களுக்கும் அதே எண்ணம் வரும்.

அந்த ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்.

முதல் 5 நிமிடம், நோட்டையும் புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டு, நேற்றுப் படித்ததை ஒரு வெற்றுத் தாளில் எழுதுங்கள். கோர்வையாக இருக்க வேண்டியதில்லை. எழுதியபின் திறந்து பார்த்து, விட்டுப்போனதை வேறு நிற மையால் சேருங்கள்.

அடுத்த 20 நிமிடம் புதுப் பாடம். டைமர் அடித்ததும், பத்தியின் நடுவில் இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

அடுத்த 25 நிமிடம் செய்வது. இன்று படித்ததையோ நேற்றுப் படித்ததையோ கொண்டு ஏதாவது ஒன்றை உருவாக்குங்கள்: ஒரு பத்தி, ஒரு அட்டவணை, ஒரு பதிவு, ஒரு மூட்டு.

கடைசி 10 நிமிடத்தில் ஐந்து நிமிடம் பழைய அட்டைகளைப் புரட்டவும், நான்கு நிமிடம் ஐந்து புது அட்டை எழுதவும் போகும். மிச்சமுள்ள ஒரு நிமிடத்தில் நாளைக்கான தொடக்க வரியை எழுதி வையுங்கள்: "நாளை அட்டவணையின் மூன்றாம் பத்தியில் விட்ட கூட்டலிலிருந்து தொடங்கு." இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடியே பத்து நிமிடம் போய்விடும், தொடங்கவே மனம் வராமலும் போகலாம்.

இதில் எப்போதும் முதலில் கெடுவது நடுப்பகுதி. புதுப் பாடம் சுவையாக இருக்கும், 20 நிமிடம் 40 ஆகும், செய்யும் நேரம் அப்படியே காணாமல் போகும். இது திரும்பத் திரும்ப நடந்தால் வரிசையை மாற்றி, செய்வதை முன்னால் கொண்டுவாருங்கள். முதலில் செய்து, எங்கே தடுக்கியதோ அதை மட்டும் பாடத்தில் தேடிப் படிப்பது சிலருக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும். அரை மணி நேரம்தான் கிடைக்கும் நாளில் 3, 10, 12, 5 என்று எல்லாவற்றையும் சுருக்குங்கள். எதையும் முழுதாக விட்டுவிடாதீர்கள்.

மறதியைச் சமாளிப்பது

1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் கரைந்தது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதன் பிறகு இறக்கம் மெதுவாகிவிட்டது. பொருளுள்ள பாடம் இவ்வளவு சீக்கிரம் மறக்காது என்றாலும், முதலில் செங்குத்தாக விழுந்து பிறகு தணியும் அந்தப் போக்கு அதற்கும் உண்டு. ஆகவே முதல் மீள்பார்வை மறுநாளே வர வேண்டும். அந்த முதல் 5 நிமிட வெற்றுத் தாள் அதற்காகத்தான்.

மீண்டும் படிப்பதும் மீண்டும் நினைவுபடுத்துவதும் ஒன்றல்ல. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு பக்கம். ஒரு முறை படித்துவிட்டுப் பிறகு பார்க்காமல் எழுதியவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். மறுபடி படிக்கும்போது "இது தெரிந்ததுதானே" என்று ஒரு பழகிய உணர்வு வரும். அந்த உணர்வை அறிவு என்று எடுத்துக்கொள்வதால்தான் இத்தனை பேர் அடிக்கோடு போட்டே ஏமாறுகிறார்கள். கற்றல் உத்திகள் பத்தை 2013-இல் ஒப்பிட்டு மதிப்பிட்ட டன்லாஸ்கி குழுவினர், அடிக்கோடு போடுவதையும் மீண்டும் படிப்பதையும் பயன் குறைந்த வரிசையில்தான் வைத்தார்கள். பயன் மிகுந்தவை என்று அவர்கள் எடுத்துச் சொன்னவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் பழகுவது.

அட்டைகள் இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய பெட்டி முறை இன்றும் போதுமானது. நான்கு உறைகளுக்கு எண் போடுங்கள். முதல் உறையைப் படிக்கும் நாளெல்லாம் பாருங்கள். இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை. மூன்றாவதை வாரம் ஒருமுறை. நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பதில் சரியென்றால் அட்டை அடுத்த உறைக்குப் போகும். தவறென்றால் எந்த உறையிலிருந்து வந்திருந்தாலும் முதல் உறைக்குத் திரும்ப வேண்டும். நான்காவது உறையில் இரண்டு முறை தப்பாமல் வந்த அட்டையை ரப்பர் போட்டு ஓரமாகக் கட்டி வையுங்கள்.

நாளுக்கு ஐந்து புது அட்டை என்ற அளவை மீற வேண்டாம். ஐந்து என்றாலே சில வாரத்தில் தினமும் 20 முதல் 25 அட்டை புரட்ட வேண்டிவரும். அட்டைக்குப் பத்து நொடி என்றால் நான்கு நிமிடம் ஆகும். ஆர்வத்தில் நாளுக்கு இருபது எழுதுபவருக்கு ஒரு மாதத்தில் தினசரி நூறு அட்டை சேர்ந்துவிடும். அதைப் பார்த்ததும் மலைத்துப்போய் மொத்தத்தையும் கைவிட்டுவிடுவார்.

அட்டை எழுதுவது ஒரு கைத்தொழில் மாதிரி. ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். "எக்செல் கூட்டல் வகைகள்" என்று முன்பக்கத்தில் எழுதிப் பின்பக்கம் முழுக்க நிரப்பினால், பாதி சொல்லிவிட்டுச் சரியென்று போட்டுக்கொள்வோம். "ஒரு சரக்கின் விற்பனையை மட்டும் கூட்ட எந்த ஃபார்முலா?" என்பது ஓர் அட்டை, பதில் சம்இஃப் (SUMIF). "சம்இஃப் எந்த வரிசையில் எதெதைக் கேட்கும்?" என்பது இன்னோர் அட்டை, பதில்: தேட வேண்டிய பத்தி, தேடும் பெயர், கூட்ட வேண்டிய பத்தி. "ஆம்", "இல்லை" என்று முடியும் கேள்வி வேண்டாம், குருட்டாம்போக்கில் பாதி சரியாகிவிடும். புரியாததை அட்டையாக்காதீர்கள். புரியாத ஒன்று ஆறு முறை முதல் உறைக்குத் திரும்பி வந்து உங்கள் பொறுமையைத்தான் சோதிக்கும். அதைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி பாடத்துக்குப் போங்கள்.

எவ்வளவு இடைவெளி என்பது எவ்வளவு காலம் நினைவிருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. செபேடா குழுவினரின் 2008 ஆய்வில், ஒரு வாரம் கழித்துத் தேவைப்படும் செய்திக்கு ஒரு நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தது நன்றாக வேலை செய்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தேவைப்படுவதற்கு மூன்று வார இடைவெளி. ஆகவே நீண்டகாலம் வேண்டிய திறனில் "மறந்துவிடுமோ" என்று பயந்து தினமும் எல்லாவற்றையும் புரட்டுவது வீண் உழைப்பு. சற்று மறந்து, தேடி எடுக்கும்போதுதான் அது உள்ளே இறங்குகிறது.

48 மணி நேரக் கெடு

படித்த எந்தப் பகுதியையும் 48 மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது பயன்படுத்திவிட வேண்டும். இது ஆய்வில் கண்ட எல்லை அல்ல, நடைமுறைக்காகப் போட்டுக்கொள்ளும் கெடு. இரண்டு நாளுக்குமேல் போனால் பாடத்தை மறுபடி படித்த பிறகே செய்ய முடியும். மறுபடி படிக்கும்போது புதியது கண்ணில் படும், அதையும் படித்துவிட்டுச் செய்யலாம் என்று தோன்றும். "இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டு தொடங்கலாம்" என்ற சங்கிலி இப்படித்தான் நீள்கிறது. இரண்டு நாளில் பயன்படுத்த வழியே இல்லாத பாடமென்றால், இப்போதைக்கு அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

"நாளை முதல் செய்வேன்" என்ற உறுதியைவிட, எப்போது எங்கே என்று கட்டிய வாக்கியம் வலிமையானது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வடிவம் அதற்கு. "இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பேன்." முதல் பாதியில் வருவது ஏற்கெனவே தவறாமல் நடக்கும் செயலாக இருக்க வேண்டும், "நேரம் கிடைத்ததும்" என்று எழுதினால் பயனில்லை. இடைஞ்சலுக்கும் இதேபோல் ஒன்று எழுதி வையுங்கள்: "வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால், படுக்கும்முன் பத்து நிமிடம் அட்டை மட்டும் பார்ப்பேன்." இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

செய்வது என்றால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு, 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளம்வயதில் எழுதப் பழகிய வழி இன்னும் பழசாகவில்லை. நன்றாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் ஓரிரு சொல்லில் குறித்துக்கொள்வார். சில நாள் அதை அப்படியே போட்டுவைப்பார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துத் தன் சொற்களில் முழுக் கட்டுரையையும் எழுதிவிட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுக் குறைகளைத் திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் குலைத்துப்போட்டு, சில வாரம் கழித்துச் சரியான வரிசையில் அடுக்கிப் பார்ப்பார். கட்டுரையின் ஒழுங்கு பிடிபட அது உதவியது.

இதை எந்தத் திறனுக்கும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல பேச்சு ஒன்றைக் கேட்டு எலும்புக்கூட்டை மட்டும் குறியுங்கள். மூன்று நாள் கழித்து அதையே பேசிப் பதிவு செய்து மூலத்தோடு வைத்துக் கேளுங்கள். நேர்த்தியான ஓர் அறிக்கையின் தலைப்புகளை மட்டும் எழுதிக்கொண்டு, ஃபார்முலாக்களை நீங்களே போட்டுக் கொண்டுவாருங்கள். வரைபவர் படத்தைக் கவிழ்த்து வைத்து நினைவிலிருந்து வரையட்டும். எல்லாவற்றிலும் உயிரான இடம் ஒப்பிடும் இடம்தான். மூலத்துக்கும் உங்களுடையதற்கும் உள்ள வேறுபாடுகளில் மூன்றை எழுதுங்கள். பத்து எழுத வேண்டாம், பத்தையும் ஒரு வாரத்தில் திருத்த முடியாது.

முதல் நான்கைந்து ஆக்கங்கள் மோசமாகத்தான் வரும். அவற்றை அழிக்காதீர்கள். தேதி போட்டு வையுங்கள். எட்டாம் வாரத்தில் சோர்வு வரும்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அவைதான்.

பிழையைப் பயன்படுத்துவது

நோட்டின் பின்பாதியில் மூன்று பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள்: என்ன தவறியது, ஏன், அடுத்த முறை முன்கூட்டியே எப்படித் தெரியும். எடுத்துக்காட்டாக: "ஒரு சரக்கின் மொத்தம் குறைவாக வந்தது. சில வரிகளில் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்திருந்ததால் அவை கூட்டலில் சேரவில்லை. மொத்தத்தைக் கையால் ஒரு முறை சரிபார்; பெயர்ப் பத்தியை முதலில், வேண்டாத இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் (TRIM) ஃபார்முலா போட்டுச் சுத்தம் செய்." மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டால் அந்தப் பிழை திரும்பவும் வரும். "கவனக்குறைவு" என்று இரண்டாவது பத்தியில் எழுதுவதும் காலியாக விடுவதும் ஒன்றுதான். எதைக் கவனிக்கவில்லை என்று எழுத வேண்டும்.

இன்னொருவரிடம் காட்டாமல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் வளர முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். ஆனால் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்ற பதில்தான் வரும். "எந்த இடத்தில் குழம்பினீர்கள்?", "எதை வெட்டினால் நஷ்டமில்லை?", "நான் சொல்லவந்தது என்னவென்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியின் பதில் நீங்கள் நினைத்ததோடு பொருந்தாவிட்டால், மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எதிலும் சிறந்துவிடலாம் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அதன் வேர், ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே அது எல்லைக்கோடாகச் சொல்லப்படவில்லை; மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் தனியாகப் பயிற்சி செய்த நேரத்தின் சராசரி அது. எரிக்சன் அழுத்திச் சொன்னது மணி நேரத்தை அல்ல, பயிற்சியின் தன்மையை: தன்னால் இப்போது முடிவதற்குச் சற்று மேலான ஒன்றைத் தேர்ந்து, முழுக் கவனத்தோடு செய்து, உடனே தவறைக் கண்டு திருத்துவது. தெரிந்ததையே ஆயிரம் முறை செய்தால் தெரிந்ததே இருக்கும்.

பழகும் வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் செய்த சோதனையில், ஒரே வகைக் கணக்குகளை அடுக்கிப் போட்ட மாணவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். பல வகைகளைக் கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20 சதவீதத்துக்கு விழுந்தது, கலந்து பழகியவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். ஒரே வகையாக வரும்போது எந்த வழியைக் கையாள வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. நிஜத்தில் அதுதான் கடினமான பகுதி. எனவே ஒவ்வொரு பாகமும் ஓரளவு பிடிபட்டதும், ஐந்தாம் வாரத்திலிருந்து கலந்து பழகுங்கள். தவறுகள் கூடும். அது பின்னடைவல்ல.

தேங்கும் வாரங்கள்

ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் வளர்ச்சி நின்றுவிட்டதாகத் தோன்றும். பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் 1890-களிலேயே தந்தி இயக்குநர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள்: செய்தியைக் கேட்டு எழுதும் வேகம் ஏறிக்கொண்டே வந்து, பல வாரம் அப்படியே நின்று, பிறகு மறுபடி ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்ட காது, சொல்லாகவும் தொடராகவும் கேட்கப் பழகும் காலம் அது என்று அவர்கள் விளக்கினார்கள்.

அந்த வாரங்களில் கூடுதல் நேரம் போட்டு முட்டிக்கொள்வது உதவாது. செய்வதை முக்கால் வேகத்துக்குக் குறைத்து, எந்த நொடியில் தடுக்குகிறது என்று பாருங்கள். அந்த ஒரு துண்டை மட்டும் தனியே எடுத்து, 25 நிமிடமும் அதையே மூன்று நாள் செய்யுங்கள். பிறகு முழுதாகச் சேருங்கள். இதிலும் நகரவில்லை என்றால் இலக்கின் அளவு சரிதானா என்று வாரக் கடைசிக் கணக்கில் பார்க்க வேண்டும்.

நாள் தவறிப்போவது வேறு விஷயம். பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறக் காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே நின்ற எண் 66. ஒரு நாள் தவறியது பெரிய கெடுதல் செய்யவில்லை. ஆகவே தவறிய நாளுக்காக மறுநாள் இரண்டு மணி நேரம் உட்காராதீர்கள். அது தண்டனை போலாகி, மூன்றாம் நாளையும் கெடுக்கும். அடுத்தடுத்து இரண்டு படிப்பு நாள் மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாத நாளின் குறைந்த அளவு, பத்து நிமிட அட்டை. உடம்பு சரியில்லாத நாளில் அதுவும் வேண்டாம். உறக்கத்தைக் குறைத்துப் படிப்பது மட்டும் எந்தக் கணக்கிலும் லாபமில்லை. அன்று கற்றது நிலைப்படுவதில் உறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வாரக் கடைசி அரை மணி நேரம்

இங்கே இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள்: இந்த வாரம் முடித்த ஆக்கங்கள் எத்தனை, மேல் உறைக்கு ஏறிய அட்டைகள் எத்தனை. படித்த பக்கங்களையும் பார்த்த வீடியோக்களையும் எண்ண வேண்டாம், எண்ணினால் அவைதான் கூடும். ஆக்கம் பூஜ்யமாக இருக்கும் வாரம் ஒன்று வந்தால், அடுத்த வாரம் புதுப் பாடமே கிடையாது. அந்த 20 நிமிடமும் செய்வதற்கே. பிறகு பிழை அட்டவணையைப் படித்து, இரண்டு முறைக்குமேல் வந்த பிழை ஒன்றைத் தேர்ந்து அடுத்த வாரத்தின் வேலையாக எழுதுங்கள். மிச்ச நேரத்தில் உறைகளை ஒழுங்குபடுத்தி, வரும் வாரத்தில் உடையப்போகும் நாள் எதுவென்று பார்த்து அதற்கு மாற்று நேரம் குறியுங்கள். இவ்வளவும் 30 நிமிடத்தில் அடங்கிவிடும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. லண்டனில் டாக்சி உரிமம் பெற ஆயிரக்கணக்கான தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எலினர் மக்வயரும் உலெட்டும் அப்படிப் பயிற்சி எடுத்தவர்களைத் தொடர்ந்து படமெடுத்து 2011-இல் வெளியிட்டபோது, தேர்ச்சி பெற்றவர்களின் மூளையில் இடநினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. அவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். வயது கூடக்கூட வேகம் குறையலாம். அதற்கு ஈடாகப் புதியதைத் தொங்கவிட ஏற்கெனவே நிறைய கொக்கிகள் மனதில் இருக்கும். நாளுக்கு ஐந்து அட்டை கனமாக இருந்தால் மூன்றாக்கி, சுற்றை 16 வாரமாக நீட்டிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வாரமும் அதற்குப் பிறகும்

கடைசி வாரத்தில் புதுப் பாடம் இல்லை. இலக்கு வாக்கியத்தில் எழுதிய ஆளுக்கு முன்னால் அதைச் செய்து காட்டுவது மட்டும்தான் வேலை. அரைகுறையாக இருந்தாலும் அந்த நாளைத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளினால் சுற்று முடியாது, அடுத்ததும் தொடங்காது. எழுதியதில் பாதிதான் முடிந்தது என்றால் பாதியைக் காட்டுங்கள்.

ஓய்வு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் உட்கார்ந்து, இந்தத் திறனைத் தொடர்வதா, பராமரிப்பதா, விடுவதா என்று முடிவு செய்யுங்கள். தொடர்வதென்றால் அடுத்த சுற்றின் வாக்கியத்தை இதைவிட ஒரு படி மேலே எழுதுங்கள்: 7 நிமிடம் 15 ஆகட்டும், அல்லது கேட்பவர்கள் அறிமுகமில்லாதவர்களாக இருக்கட்டும், இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டாம். பராமரிப்பதென்றால் கட்டி வைத்த அட்டைகளை மாதம் ஒருமுறை புரட்டி, மாதத்துக்கு ஓர் ஆக்கம் செய்தால் போதும். விடுவதென்றால் கூச்சப்படாமல் விடுங்கள், அட்டைகளை மட்டும் ஓர் உறையில் போட்டுத் திறனின் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். இரண்டாண்டு கழித்துத் திரும்பி வந்தால் முதல் தடவையைவிடச் சீக்கிரமாகவே பிடித்துவிடுவீர்கள். மறந்ததை மறுபடி கற்க ஆகும் நேரம் குறைவு என்பதைத்தான் எபிங்ஹாஸ் அன்றைக்கு அளந்தார். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, இன்னும் மங்காமல் இருப்பது எது என்று பாருங்கள்.